சுற்றுநிருபம் பதினேழும் நாலு சில்லும்

2005ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மட்டக்களப்பிலிருந்து வடக்கே புறப்பட்ட வெள்ளை டபுள் கெப் வாகனத்தில் இருந்தவர்கள் விபரம் வருமாறு:

முன் ஆசனம், வலப்பக்கம்: சாரதி றிஸ்லான். முன் ஆசனம், இடப்பக்கம்: நிர்வாக உத்தியோகத்தர் கனகசிங்கம். பின் ஆசனம், நடுவில்: களத் தொண்டர் புஸ்பம், மடியில் சாப்பாட்டுப் பெட்டியுடன். பின்னால் பெட்டியில்: கல்குடாக் கொட்டில்களுக்குத் தண்ணீர் வடிகட்டி இருபத்திரண்டு, கிரானுக்கு விதைநெல் மூட்டை ஆறு. முன் ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவே: கனகசிங்கத்தின் கறுப்பு றெக்சின் பை, தன் வழமையான இடத்தில்.

இவ்வளவையும் வாகனம் நகர முன்பே கனகசிங்கம் டயறியில் எழுதிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்த மனிதர். யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், அவர்கள் இருந்ததையே அவரால் நம்ப முடியாது. அவர் ஓய்வுபெற்று மூன்றாம் மாதம் கடல் வந்தது. கடல் வந்து இரண்டாம் மாதம் நிவாரண நிறுவனம் வந்தது. அவர்களிடம் சாமான் இருந்தது, வாகனம் இருந்தது, கடிதம் எழுத ஆள் இருக்கவில்லை. கனகசிங்கத்திடம் கடிதம் எழுதுவதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

வாகனத்துக்குப் பொறுப்பும் அவர்தான். வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாதவரிடம் வாகனத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? சுற்றுநிருபம் எழுதுவார். வாகனத்தோடு வந்த கைநூலை அகராதி வைத்து வாசித்து, பத்து நாள் மினக்கெட்டு, 'சுற்றுநிருபம் 17: நாலு சில்லையும் பாவிக்க வேண்டிய, பாவிக்கக்கூடாத வீதிகள்' என்று ஒன்றை எழுதினார். கியர்த் தடிக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டிக் கம்பியை முன்னே தள்ளினால் இரண்டு சில்லு மட்டும் வண்டியை உந்தும், பின்னே இழுத்தால் நாலு சக்கரமும். பந்தி ஒன்று: தார் வீதியில் இக்கம்பிக்கு வேலை இல்லை. பந்தி இரண்டு: கிறவல் மண் காய்ந்திருந்தால் இரண்டு, நனைந்திருந்தால் நாலு. பந்தி மூன்று: மணலில் நாலு, டயரில் காற்றைக் குறைக்கவும். பந்தி நாலு: சேற்றில் நாலு, கீழ்க் கியர், நிற்காமல் ஓட்டவும். பந்தி ஐந்து முதல் பத்தொன்பது வரை படிவங்கள் பற்றியவை.

இதைச் சுருக்கி ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் மீற்றர் பலகையிலும் ஒட்டினார்.

"ஐயா, அந்த அட்ட நாலு சில்லுக்கு எரியுற பச்ச லைற்ற மறைக்குதே," என்று அன்றைக்கே றிஸ்லான் சொன்னான்.

"லைற்றப் பாத்தா தம்பி ஓட்டுற? றோட்டப் பாத்து ஓட்டு."

இன்றைய பிரச்சினையும் அந்தக் கறுப்புப் பையில்தான் இருந்தது. கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த கடிதம். கராச்சில் வாகனத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். கியர்ப் பெட்டிக்குள் சங்கிலி இழுபட்டுப் போயிருக்கிறது. முன் டயர் இரண்டும் மொட்டை. காரணம், மாதக்கணக்காகத் தார் வீதியில் நாலு சில்லையும் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். தாரில் வளையும்போது முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓடும். மணலும் சேறும் அந்த வித்தியாசத்தை வழுக்கிச் சமாளித்துவிடும். தார் விட்டுக்கொடுக்காது. கோபமெல்லாம் பெட்டிக்குள் போய்ச் சேரும். இதைச் செய்தது யார் என்று ஏழு நாளுக்குள் பெயர் குறிப்பிட வேண்டும். சாரதியாயின் வேலையிலிருந்து நீக்க வேண்டும். இன்று ஆறாம் நாள்.

வாகனத்துக்கு ஒரே ஒரு சாரதி. ஆகவே கனகசிங்கம் இந்தப் பயணத்தைப் பரீட்சையாக வைத்தார். தார், மணல், கிறவல், சேறு, நாலையும் ஒரே நாளில் ஓட்டவிட்டுக் கவனிப்பது என்று தீர்மானம்.

"ஐயா, ஒண்டு சொல்லட்டா?" என்றான் றிஸ்லான், பிள்ளையாரடி தாண்டியதும்.

"எழுத்தில தா. பந்தி ஒன்பது. முறைப்பாட்டாளரின் சொந்தக் கையெழுத்தில், மூண்டு பிரதி."

"எழுத்து எனக்கு வராதே ஐயா. மூணாம் வகுப்போட வாப்பா என்னத் தோணியில ஏத்திட்டார்."

"அப்ப வரக்குள்ள தா."

"இந்த வேலையும் போனா திரும்பக் கடலுக்குத்தான் போகணும். நானும் கடலும் இப்ப பேசுறல்ல, ஐயா."

பின்னால் புஸ்பம் சிரித்தாள். கனகசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காத்தான்குடிக் கரையில் றிஸ்லானுடைய வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கிணற்றுக் கட்டு மட்டும் நிற்பது அவருக்குத் தெரியும். அவன் மனைவி அஸீமாவும் இரண்டு பிள்ளைகளும் தகரக் கொட்டிலில் இருப்பதும் தெரியும். அதற்கெல்லாம் படிவத்தில் நிரல் இல்லை என்பதும் தெரியும்.

ஏறாவூர் வளைவில் வாகனம் கிறுகித் திரும்பும்போது முன் சில்லுகள் கிறீச்சென்று அழுதன.

"பாத்தீங்களா ஐயா? கிறுக்கக்குள்ள பிடிக்குது."

'7.41. சில்லு அழுதது' என்று கனகசிங்கம் எழுதினார். "நாலு சில்லு போட்டியா?"

"நான் போடல்ல."

"நீ போடாட்டி ஆர் போட்ட? பேயா?"

"பேயெண்டு நான் எப்பிடிச் சொல்ற, ஐயா."

புஸ்பத்துக்கு இருமல் வந்தது.

கல்குடாவில் தார் முடிந்து மணல் தொடங்கியது. "நிப்பாட்டு!" என்றார் கனகசிங்கம். "பந்தி ஐந்து. நாலு சில்லு போடமுன் அனுமதிப் படிவம்."

"ஐயா, மணலுக்க நிக்கப்படாது. ஓடின ஓட்டத்தில போயிரணும்."

"நிப்பாட்டு எண்டா நிப்பாட்டு."

நின்றது. கனகசிங்கம் பையைக் கம்பியிலிருந்து கழற்றி மடியில் வைத்து, படிவத்தை எடுத்தார். திகதி, இடம், தரையின் தன்மை, கோருவதற்கான காரணம். கோருபவர் றிஸ்லான், பெருவிரல் அடையாளம். சிபாரிசு செய்பவர் கனகசிங்கம். அனுமதிப்பவரும் கனகசிங்கம். சிபாரிசு செய்த கையோடு அனுமதிப்பது முறையல்ல என்பதால், நடுவில் ஒரு நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பிரதியில் கையெழுத்து முடிந்தபோது, ஜன்னலால் தெரிந்த கடல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கடல் உயரவில்லை. வாகனம் தாழ்ந்திருந்தது.

"இப்ப போடு நாலு."

போட்டான். நாலு சில்லும் சேர்ந்து கிணறு தோண்டின.

கனகசிங்கம் கலங்கவில்லை. கலங்கவேண்டிய இடத்தில் ஒரு பந்தி இருந்தது. "பந்தி மூண்டு. காத்தக் குறை."

நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார்கள். அதிசயம், வாகனம் நண்டு போல ஊர்ந்து மேலே வந்தது. வடிகட்டிகள் இருபத்திரண்டும் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த பெண்கள் பிளேன்ரீ தந்தார்கள். கனகசிங்கம் ஒரு தளபதியின் மிடுக்கோடு ரீயைக் குடித்துவிட்டுத் தார் ஓரத்துக்கு வந்து, பையை அதன் இடத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"சரி, இனிக் காத்தடிப்பம். பம்ப எடு."

"பம்ப் ஸ்டோரில, ஐயா."

"ஏன் ஸ்டோரில?"

"நீங்கதான் வச்சுப் பூட்டின. எடுக்கிறதுக்குப் படிவம் ஆறு வேணுமெண்டீங்க."

படிவம் ஆறு பையில்தான் இருந்தது. ஒப்பமிட வேண்டியவரும் அங்கேதான் இருந்தார். பம்ப் மட்டும் இருபது மைலுக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. தன் வாழ்க்கையை ஒரு வரியில் எழுதச் சொன்னால் இதையே எழுதலாம் என்று கனகசிங்கத்துக்குப் பட்டது.

பிள்ளை நடக்கப் பழகுகிற வேகத்தில் ஓட்டமாவடிக்கு வந்து, முகைதீன்பாவாவின் சைக்கிள் கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"சைக்கிள் எங்க?" என்றார் முகைதீன்பாவா.

"இதுதான்," என்றாள் புஸ்பம்.

அவரிடம் இருந்தது கால்பம்ப். றிஸ்லான் ஒரு டயர், முகைதீன்பாவா ஒரு டயர், புஸ்பம் பாதி டயர். மிச்சம் ஒன்றரையும் கனகசிங்கத்தின் பங்கு. நூற்றைம்பது வரை எண்ணினார். பிறகு எண்ணவும் மூச்சில்லை. இந்த அவமானம் இனி ஒருமுறை வரக்கூடாது என்று அவருக்குள் வைராக்கியம் பிறந்தது.

"இன்னும் அடி. நல்லா அடி. ஆறு மாசத்துக்கு இறங்கப்படாது."

"போதும் சேர்," என்றார் முகைதீன்பாவா. "இது டயர். பெருநாள் பலூனில்ல."

"அடியுங்க."

டயர்கள் நாலும் கல்லாயின. மழையும் தொடங்கியது.

கிரானுக்குத் திரும்பும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது. தாரிலிருந்து இறங்கியதும் கனகசிங்கம் வழக்கம்போலப் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கிறவல் வீதி நனைந்திருந்தது. பந்தி இரண்டு, நாலு சில்லு. இம்முறை அவர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். மணலில் படித்த பாடத்தை மறக்காமல், பத்து வெறும் படிவங்களில் முன்கூட்டியே ஒப்பம் வைத்துவிட்டார். இனி எங்கும் நிற்கத் தேவையில்லை.

வயல் வட்டையின் தொடக்கத்தில் விதைநெல்லுக்காகக் காத்திருந்த வயல்காரர் நல்லரத்தினம் போடியார், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரம்பில் நின்று கத்தினார்.

"ஐயா! அங்கேயே நில்லுங்க! நான் மாட்டுக் கரத்தையக் கொண்டு வாறன்!"

"நிக்காத," என்றார் கனகசிங்கம். "பந்தி நாலு. சேத்தில நிக்கப்படாது."

"டயர் கல்லு மாதிரி இரிக்கு ஐயா, சேத்தில பிடிக்காது."

"நாலு, கீழ்க் கியர், நிக்காமப் போ!"

றிஸ்லான் போனான். வாகனமும் போனது. ஆனால் இரண்டு பேரும் நினைத்த திசையில் போகவில்லை. காற்றடைத்த டயர்கள் சேற்றின் மேல் தேங்காய் போல உருண்டு, வாகனம் பக்கவாட்டில் வழுக்கி, மெதுவாக, ஒரு மரியாதையோடு, வாய்க்காலுக்குள் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்தது.

"மாட்டுக் கரத்த கொண்டு வாறன் எண்டனே," என்றார் போடியார்.

கனகசிங்கம் இறங்கித் தள்ளினார். எங்கே நின்று தள்ளுவது என்று சுற்றுநிருபத்தில் பந்தி இல்லாததால் சில்லுக்கு நேர் பின்னால் நின்று தள்ளினார். றிஸ்லான் அக்சிலேட்டரை ஒருதரம் அமத்தினான். கிரான் வட்டையின் முதல் தரமான சேறு, நெற்றி தொடங்கிப் பாதம் வரை, அவர் மேல் சமமாகப் பூசப்பட்டது. வலது சப்பாத்து சேற்றுக்குள் தங்கிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் மிஞ்சியிருந்தன.

"சில்லுக்குக் கீழ என்னவும் போடணும்," என்றான் றிஸ்லான். "காஞ்சதா, சொரசொரப்பா."

வைக்கோல் நனைந்திருந்தது. மூட்டைச் சாக்கைத் தரமாட்டேன் என்று போடியார் விதைநெல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த வட்டையில் அந்நேரம் காய்ந்திருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். புஸ்பம் அதைப் பார்த்தாள். றிஸ்லான் பார்த்தான். போடியாரும் பார்த்தார்.

"அது படிவம்," என்றார் கனகசிங்கம்.

றிஸ்லான் கையை நீட்டினான்.

"மூண்டு பிரதி," என்றார், குரல் இறங்கி.

பையைத் திறந்தார். நாலு சில்லு அனுமதிப் படிவங்கள், ஓட்டப் பதிவுகள், முறைப்பாட்டுப் படிவங்கள், சுற்றுநிருபம் ஒன்று முதல் பதினேழு வரை. நெற்கதிரை அரிவி வைப்பதுபோலக் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்தார். பாவித்ததை முதலில் கொடுப்பதா பாவிக்காததையா என்று கேட்க வாயெடுத்து, தன் குரலைத் தானே கேட்டு, நிறுத்திக்கொண்டார்.

பத்து மாத எழுத்து சில்லுக்குக் கீழே போனது. றிஸ்லான் டயரில் காற்றையும் இறக்கினான். இம்முறை யாரும் பந்தி சொல்லவில்லை. வாகனம் உறுமி, காகிதத்தைக் கவ்வி, எகிறி வரம்புக்கு ஏறியது. சுற்றுநிருபம் பதினேழு ஒரு வாகனத்துக்கு உதவியது அதுவே முதல் தடவை.

கனகசிங்கம் ஒற்றைச் சப்பாத்தோடு வரம்பில் குந்தியிருந்தார். றிஸ்லான் திரும்பச் சேற்றுக்குள் இறங்கித் தோள்வரை கையை விட்டுத் துழாவி, மற்றச் சப்பாத்தை எடுத்து, வாய்க்காலில் கழுவிக் கொண்டுவந்து வைத்தான். பிறகு ஆசனத்துக்குப் பின்னாலிருந்து மடித்த சறம் ஒன்றை நீட்டினான். வெள்ளையில் பச்சைக் கரை.

"இது தொழுறதுக்கு வச்சிருக்கிற சறமில்லையா?"

"ஓம் ஐயா. அதுதான் சுத்தமா இரிக்கு. உடுங்க."

அதை உடுத்துக்கொண்டு ஏறினார். ஓட்டமாவடிவரை திரும்பிப் போக ஒருவருக்கும் மனமில்லை. போடியாருடைய உழவு மிசின் பம்பால் டயர்களுக்கு அளவாகக் காற்று ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். தார் ஏறியதும் றிஸ்லான் கம்பியை முன்னே தள்ளினான்; கனகசிங்கத்தின் கை தானாகவே வெறும் பையை எடுத்து அதன் இடத்தில் மாட்டியது. பை காற்றில் துணி போல ஆடியது.

ஏறாவூர் வளைவு வந்தது. சில்லு அழவில்லை. வெண்ணெயில் கத்தி போல வாகனம் கிறுகியது.

"தம்பி, வண்டி லேசாப் போகுதே."

"ஓம் ஐயா."

"சேத்துக்க கிடந்து எழும்பினதில என்னவோ சரிவந்திட்டுதாக்கும். காலமை நீ என்னவோ சொல்ல வந்தியே, என்னது?"

றிஸ்லான் கண்ணாடிக்குள் புஸ்பத்தைப் பார்த்தான். "இப்ப வேணாம் ஐயா. இண்டைக்குச் சரியாயித்து."

அன்று வீட்டில் குளித்துவிட்டு கனகசிங்கம் யோசித்தார். போக வர நாற்பது மைல் தார். அவ்வளவு தூரத்திலும் றிஸ்லானுடைய கை ஒருதரமாவது அந்தக் கம்பியைப் பின்னே இழுக்கவில்லை. அதற்கு அவரே சாட்சி. ஆனால் கொழும்புக்கு ஒரு பெயர் வேண்டும். உண்மை வேண்டும் என்று கடிதத்தில் எந்த வரியிலும் இல்லை. பெயர்தான் வேண்டும்.

கொடுப்பதற்கு அவரிடம் இன்னொரு பெயர் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரு சிவப்புக் கோடு படாத பெயர். கண்டனக் கடிதம் வரும். சேவைக் கோவையில் ஏறும். சம்பளத்துக்காக அவர் இந்த வேலைக்கு வரவில்லை. அந்தக் கோவையின் வெள்ளைக்காகத்தான் இதுவரை வாழ்ந்திருந்தார் என்பதை, மற்றவரின் சறத்தைத் துவைத்துக் காயப்போட்டபோதுதான் கண்டுகொண்டார்.

மறுநாள் காலையில் கந்தோருக்குப் போய் முதலில் புதிய படிவக் கட்டுகளைப் பையில் அடுக்கினார். பழக்கம் விடுமா? பிறகு கடிதத்தை எழுதி, றிஸ்லானையும் புஸ்பத்தையும் கூப்பிட்டு, நின்றுகொண்டே வாசித்தார்.

"'ஐயா, தங்கள் கடிதம் தொடர்பானது. மேற்படி வாகனம் தார் வீதியில் நாலு சில்லும் பூட்டப்பட்டு ஓடியமைக்குச் சாரதி றிஸ்லான் எவ்வகையிலும் பொறுப்பாளி அல்லர். முழுப் பொறுப்பும் கீழே ஒப்பமிடும் என்னையே சாரும். அதற்கான தண்டனையை ஏற்கச் சித்தமாயிருக்கிறேன். இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிவுள்ள, க. கனகசிங்கம்.'"

றிஸ்லான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "இதச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும் ஐயா," என்றான்.

"ஐயா சொல்லமாட்டாரெண்டு நினைச்சன்," என்றாள் புஸ்பம் மெதுவாக.

கனகசிங்கம் கடிதத்தை மூன்றாக மடித்தார். உறையில் இட்டார். பசை தடவி, விளிம்பை நகத்தால் இரண்டு தரம் அழுத்தினார். மூவரும் தபால் கந்தோருக்குப் போனார்கள். றிஸ்லான் மரநிழலில் வாகனத்தோடு நின்றான். பதிவுத் தபால் ஜன்னலில் முத்திரை மூன்று தரம் விழுந்தது. ஒவ்வொரு அடியும் கனகசிங்கத்தின் சேவைக் கோவையில் விழுந்தது போல இருந்தது. தபால்காரர் கொழும்பு மூட்டையின் வாயைக் கட்டித் தபால் வானுக்குள் எறிந்தார். வான் பாலத்தடியால் திரும்பி மறைந்தது.

படியில் நின்று கனகசிங்கம் மூச்சு விட்டார். இவ்வளவு பெரிய தியாகத்தை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்க அவரால் முடியவில்லை.

"புஸ்பம், உனக்கு மட்டும் சொல்றன். ஒருத்தருக்கும் சொல்லாத. முப்பத்திரண்டு வருஷத்தில நான் எழுதின முதல் பொய் இது."

புஸ்பம் விளங்காமல் அவரைப் பார்த்தாள். அவருடைய தோளை இழுத்துக்கொண்டு, படிவம் நிரம்பித் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"பொய்யா? தார் றோட்டில ஏறினவுடன இந்தப் பையக் கம்பியில மாட்டுறதும், பாரத்தில கம்பி பின்னுக்கு விழுந்து நாலு சில்லும் பூட்டிக்கொள்ளுறதும் நேத்துப் பை வெறுமையான பிறகு உங்களுக்கு விளங்கி, அதத்தான் ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீங்க எண்டுதானே நாங்க ரெண்டு பேரும் நினைச்சம், ஐயா!"